சம்பளச் சீட்டும் சட்ட மாணவரும்: டர்பனிலிருந்து ஸ்டெல்லன்போஷ் வரை

தென்னாப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களில் சட்டமும் உளவியலும் பயிலும் மாணவர்கள், பட்டம் பெறுவதற்கு முன்பே, கட்டணம் செலுத்த வழியில்லாத மக்களின் வழக்குகளையும் மனத்துயர்களையும் கேட்டுப் பணியாற்றும் உதவி மையங்கள் அரை நூற்றாண்டுக்கும் மேலாக இயங்கி வருகின்றன. மருத்துவ மாணவர் நோயாளியின் கட்டிலருகே நின்று தொழில் கற்பதைப் போலச் சட்ட மாணவரும் கட்சிக்காரரின் எதிரே அமர்ந்து கற்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை எண்ணம். இந்தியப் பெருங்கடலோரத்து டர்பனில் புறப்பட்டு, பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா ஆகிய நகரங்களைத் தொட்டு, வைரச் சுரங்க நகரமான கிம்பர்லி வழியாகவும் கரூ என்னும் வறண்ட சமவெளியின் ஊடாகவும் மேற்குக் கேப் மாகாணத்தின் ஸ்டெல்லன்போஷ் வரை செல்லும் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் சாலைப் பயணம், இந்த மையங்கள் எதற்காகத் தோன்றின, எதைச் சாதித்தன, எங்கே தடுமாறுகின்றன என்பனவற்றை ஊர் ஊராகக் காண வாய்ப்பளிக்கிறது.

பயணத்தைத் தொடங்கும் முன் ஒரு சட்ட நிலையைத் தெரிந்துகொள்வது நல்லது. தென்னாப்பிரிக்காவின் 1996-ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம், குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இல்லாவிட்டால் பெரும் அநீதி நேரும் என்ற நிலையில், அரசுச் செலவில் வழக்கறிஞரை அமர்த்தித் தர வேண்டும் என்று 35-ஆம் பிரிவில் உறுதியளிக்கிறது. ஆனால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்தவருக்கோ, ஜீவனாம்சம் கேட்டு அலையும் தாய்க்கோ, கடன்காரர் சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட தொழிலாளிக்கோ, அதாவது உரிமையியல் வழக்குகளில் சிக்கியோருக்கு, அதே தெளிவான உறுதிமொழி அச்சட்டத்தில் இல்லை. 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி உருவான அரசுச் சட்ட உதவி அமைப்பின் பணியில் பெரும்பகுதி குற்ற வழக்குகளுக்கே செலவாகிவிடுவதால், எஞ்சிய பெரும் பரப்பில் ஏழைகள் தேடி வரும் இடமாகப் பல்கலைக்கழக மையங்கள் ஆகிவிட்டன. வந்தவரின் வருமானம் வரம்புக்குக் கீழே இருக்கிறதா என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். அதன்பின் இறுதியாண்டு மாணவர் அவரது கதையைக் கேட்டுக் குறிப்பெடுத்து, சட்ட நிலையை ஆராய்ந்து, கடிதமோ பிரமாணப் பத்திரமோ எழுதி, பல்கலைக்கழகம் பணியமர்த்தியுள்ள வழக்கறிஞரிடம் காட்டித் திருத்தம் பெறுகிறார். நீதிமன்றத்தில் எழுந்து நின்று வாதாடும் உரிமை மாணவருக்கு இல்லை. அது அந்த வழக்கறிஞருக்கும், பட்டம் முடித்து அவரிடம் தொழில் பழகும் பயிற்சி வழக்கறிஞருக்கும் உரியது. அமெரிக்காவில் மேற்பார்வையின் கீழ் மாணவரே வாதாட விதிகள் உள்ளன என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால், தென்னாப்பிரிக்க மாணவரின் கல்வி பெரும்பாலும் மேசையருகே, காகிதங்களுக்கு நடுவே நிகழ்வது என்பது விளங்கும்.

டர்பனின் பெரியா மலைத்தொடர் மீது நிற்கும் ஹாவர்ட் கல்லூரிக் கட்டடம், முதல் உலகப்போரில் 1916-இல் சோம் போர்க்களத்தில் இறந்த மகனின் நினைவாக டி. பி. டேவிஸ் என்ற செல்வந்தர் அளித்த நிதியில் கட்டப்பட்டு 1931-இல் திறக்கப்பட்டது. அங்கிருந்து ஒருபுறம் பார்த்தால் துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும் கடலும் தெரிகின்றன. மறுபுறச் சரிவின் கீழே, 1950-ஆம் ஆண்டின் இனவாரிப் பகுதிச் சட்டத்தால் ஆப்பிரிக்கரும் இந்தியரும் வெளியேற்றப்பட்ட கேட்டோ மேனர் கிடக்கிறது. வெளியேற்றப்பட்ட இந்தியரில் பெரும்பாலோர் 1960-களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்டனர். நகராட்சித் துப்புரவுப் பணியாளரான தமிழர்கள் தலைமுறைகளாக வாழ்ந்த மேகசின் பேரக்ஸ் குடியிருப்பும் அவ்வாறே காலி செய்யப்பட்டது. ஆகவே சட்ட உதவி தேவைப்படும் மக்கள் மலையிலிருந்து தொலைவிலும், சட்டப் பள்ளி மலை மீதும் இருக்கும்படி நகரமே அமைக்கப்பட்டுவிட்டது. உம்லாசியிலிருந்தோ இனாண்டாவிலிருந்தோ ஒருவர் இங்கு வர வேண்டுமானால் மினிபஸ் டாக்ஸியில் நகர மையத்துக்கு வந்து, இன்னொன்று பிடித்து மேலேற வேண்டும். இலவச உதவிக்கும் பயணச் செலவு உண்டு என்பதைப் பல்கலைக்கழகங்கள் மெதுவாகத்தான் உணர்ந்தன.

நாட்டின் முதல் மாணவர் சட்ட உதவி மையம் 1972-இல் கேப் டவுன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களாலேயே தொடங்கப்பட்டது. மறு ஆண்டில், ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியுடன் டர்பனில் நேட்டால் பல்கலைக்கழகம் கூட்டிய சட்ட உதவி மாநாடு இந்த எண்ணத்தை மற்றப் பல்கலைக்கழகங்களுக்கும் எடுத்துச் சென்றது. ஜோகன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்திலும் டர்பனிலும் அதே 1973-இல் மையங்கள் தோன்றின. கறுப்பின மக்கள் நகருக்குள் தங்கவும் வேலை தேடவும் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்திய 'பாஸ்' சட்டங்கள் நடப்பில் இருந்த காலம் அது. வெள்ளையர் பல்கலைக்கழகத்தின் சட்ட மாணவர் ஒருவர், தன் நாட்டின் சட்டம் இன்னொருவர் வாழ்க்கையில் என்ன செய்கிறது என்பதைப் பாடநூலில் அல்லாமல் எதிரே அமர்ந்தவரின் வாய்மொழியாக அறிந்தது பெரும்பாலும் இந்த மையங்களில்தான்.

டர்பன் மையத்தின் வளர்ச்சியில் பேராசிரியர் டேவிட் மக்வாய்ட்-மேசனின் பங்கு முதன்மையானது. அமெரிக்காவின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1972-இல் உருவான 'ஸ்ட்ரீட் லா' என்ற திட்டத்தை, அதாவது சட்ட மாணவர்கள் பள்ளிகளுக்கும் சிறைகளுக்கும் சென்று அன்றாடச் சட்டத்தை எளிய மொழியிலும் நாடக வடிவிலும் கற்பிக்கும் முறையை, அவர் 1986-இல் தென்னாப்பிரிக்காவில் வேரூன்றச் செய்தார். அவசர நிலை நடப்பில் இருந்த அந்த ஆண்டுகளில், காவலர் வீட்டுக்குள் நுழைந்தால் என்ன கேட்கலாம், கைது செய்தால் யாருக்குத் தெரிவிக்கலாம் என்பது ஆப்பிரிக்கப் பள்ளி மாணவர்களுக்கு ஏட்டுப் படிப்பு அல்ல. வழக்கு வந்தபின் உதவுவதைவிட வழக்கு வருமுன் தெரிவிப்பது பலரைக் காக்கும் என்ற கணக்கும் இதற்குள் இருந்தது.

இதே நகரில் இந்தப் பணிக்கு இன்னும் பழைய முன்னோடி உண்டு. தமிழ் வாசகர் அதை 'சத்திய சோதனை' வழியே அறிந்திருப்பர். 1894-ஐ ஒட்டிய காலத்தில், டர்பனில் தொழில் தொடங்கிச் சில மாதங்களே ஆகியிருந்த காந்தியின் அலுவலகத்துக்கு, முதலாளியால் அடிக்கப்பட்டு முன்பற்கள் உடைந்து இரத்தம் வழிந்த நிலையில் பாலசுந்தரம் என்ற தமிழ் ஒப்பந்தக் கூலி வந்தார். வெள்ளையர் முன் தலைப்பாகையைக் கழற்றி நிற்க வேண்டும் என்ற வழக்கத்தின்படி அதைக் கையில் பிடித்தபடியே அவர் நின்றதைக் கண்ட காந்தி, முதலில் அதைத் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். தமிழ் எழுத்தரின் உதவியால் நடந்ததை அறிந்து, மருத்துவரின் சான்று பெற்று, நீதிபதியிடம் பிரமாண வாக்குமூலம் பதியச் செய்தார். முதலாளியைத் தண்டிப்பதை அவர் நாடவில்லை. ஒப்பந்தத்தை விட்டு ஓடினால் தொழிலாளியே சிறை செல்ல நேரும் என்பதால், வேறொரு முதலாளியிடம் மாற்றிவிடுவதே உண்மையான தீர்வு என்று கண்டு அதைச் செய்து முடித்தார். கட்சிக்காரரின் மதிப்பை முதலில் மீட்பது, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்வது, காயத்தை ஆவணமாக்குவது, வெற்றி எது என்பதைக் கட்சிக்காரரின் நிலையிலிருந்து தீர்மானிப்பது ஆகிய நான்கும் இன்று சட்ட உதவி மையங்களின் நேர்காணல் பயிற்சியில் தனித்தனிப் பாடங்களாக இருக்கின்றன.

டர்பன் இந்தியரின் கல்வி வரலாறும் இங்கு சேர்த்துப் பார்க்கத்தக்கது. நிறவெறி அரசு இந்தியருக்கென்று 1961-இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, துறைமுகத்தினுள் சாலிஸ்பரி தீவில் இருந்த பழைய கடற்படைக் கட்டடங்களில் இயங்கியது. மாணவர்கள் படகில் சென்று படித்தனர். பின்னர் வெஸ்ட்வில் குன்றுக்கு மாறிய அந்நிறுவனமும் எழுபதுகளின் பிற்பகுதியில் தனக்கென ஒரு சட்ட உதவி மையத்தை அமைத்துக்கொண்டது. 2004-இல் அதுவும் நேட்டால் பல்கலைக்கழகமும் இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் ஆயின.

டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் 80 கிலோமீட்டர் ஏறிச் சென்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க். 1893 ஜூன் 7-ஆம் நாள் இரவு காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிலையத்தைப் பார்க்கவே பெரும்பாலான இந்தியப் பயணிகள் இங்கு நிற்கிறார்கள். ஆனால் இந்நகரின் சிறைதான் தமிழர் நினைவில் இன்னும் ஆழமாக நிற்க வேண்டியது. 1913 மார்ச்சில் கேப் உச்ச நீதிமன்ற நீதிபதி சர்ல் அளித்த தீர்ப்பு, கிறித்தவ முறைப்படி நடைபெறாத, பதிவும் செய்யப்படாத திருமணங்களைச் சட்டம் ஏற்காது என்ற நிலையை உண்டாக்கியது. ஒரே நாளில் ஆயிரக்கணக்கான இந்தியப் பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியர் அல்லாதவர் ஆயினர். அதை எதிர்த்துச் சத்தியாகிரகத்தில் இறங்கிச் சிறை சென்ற பெண்களில் ஒருவரான தில்லையாடி வள்ளியம்மை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலுற்று, விடுதலையான சில நாள்களில், 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தார். அவ்வாண்டே இயற்றப்பட்ட இந்தியர் நிவாரணச் சட்டம் ஒருதார மணங்களைப் பதிவின் வழி ஏற்க வகை செய்தது.

பதிவின் வழி என்ற அந்தச் சொற்களுக்குள் சிக்கல் ஒளிந்திருந்தது. கோயிலில் தாலி கட்டி, ஊரறிய வாழ்ந்து, பதிவு மட்டும் செய்யாத இந்துப் பெண்ணின் கணவர் உயில் எழுதாமல் இறந்தால், சொத்தில் அவருக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் தீராமல் இருந்தது. கணவரின் பெற்றோருக்கும் கைம்பெண்ணுக்கும் இடையே இத்தகைய வழக்கொன்று டர்பன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, 1987-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்தில் வரும் 'வாழ்க்கைத் துணை' என்பதில் இந்து முறைப்படி ஒருதார மணம் செய்துகொண்டவரும் அடங்குவார் என்று நீதிமன்றம் அறிவித்தது. அத்தீர்ப்பு 2009-இல் தீர்ப்புத் தொகுதியில் வெளியாயிற்று. டர்பன் வட்டாரத்தில் பிள்ளை, நாயுடு, கோவேந்தர் என்ற குடும்பப் பெயர்களுடன் சட்ட ஆலோசனை தேடி வரும் முதிய பெண்களுக்கு இந்தத் தீர்ப்பை எடுத்துச் சொல்லவே ஒருவர் தேவைப்படுகிறார் என்பதை நினைத்தால், தீர்ப்புக்கும் வீட்டு வாசலுக்கும் உள்ள தூரம் புரியும்.

வான் ரீனன் கணவாயைக் கடந்து உயர் சமவெளியில் ஏறிய சாலை ஜோகன்னஸ்பர்க்கை அடைகிறது. விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகம் நிற்கும் பிராம்ஃபொன்டைன் பகுதியிலேயே பழைய இடுகாடும் உள்ளது. வள்ளியம்மையின் கல்லறை அங்குதான் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் சட்ட மையத்தில் தொழிலாளர் வழக்கு, குடும்ப வழக்கு, வீட்டு வழக்கு, அகதிகள் வழக்கு என்று பிரிவு பிரிவாகப் பணி நடக்கிறது. பாஸ் சட்டங்கள் 1986-இல் நீக்கப்பட்டன; இன்று இந்நகரில் அனுமதிச் சீட்டுக்காக வரிசையில் நிற்போர் காங்கோவிலிருந்தும் சோமாலியாவிலிருந்தும் ஜிம்பாப்வேயிலிருந்தும் வந்த புகலிடம் கோருவோர். ஒரு வகையில் மையம் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருக்கிறது என்று சொல்லலாம்; ஆனால் இம்முறை சீட்டு கேட்பது ஜனநாயக அரசு என்பதால் வாதம் கடினமாகிறது.

சட்ட மையங்களில் சில நாள் செலவிட்ட எவருக்கும் ஒன்று தெளிவாகிவிடும். ஜீவனாம்சம் கேட்டு வருபவரும், கணவரின் அடிக்கு எதிராக 1998-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்டு வருபவரும், தங்கள் கதையைச் சட்டம் விரும்பும் வரிசையில் சொல்வதில்லை. தேதி, இடம், சாட்சி என்று மாணவர் கேட்பார். வந்தவர் அழுவார், அல்லது வேறொன்றைச் சொல்வார், அல்லது ஒன்றுமே சொல்லமாட்டார். இருபத்திரண்டு வயது மாணவருக்கு இந்த மௌனத்தைக் கையாளச் சட்டப் படிப்பு எதையும் கற்றுத்தருவதில்லை. இங்குதான் உளவியல் துறையின் உதவி மையங்கள் வேண்டியிருக்கின்றன. இரு துறைகளும் ஒரே வளாகத்தில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இயங்கும் நிலை பல இடங்களிலும் காணப்படுவது வருத்தத்துக்குரியது.

பிரிட்டோரியாவின் கிழக்கே உள்ள மாமெலோடி, 1950-களில் கறுப்பின மக்களுக்கென அமைக்கப்பட்ட குடியிருப்பு நகரம். கறுப்பின மாணவருக்கென நிறவெறி அரசு நடத்திய விஸ்டா பல்கலைக்கழகத்தின் அங்கிருந்த வளாகம் 2004-இல் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்தது. அவ்வளாகத்தில் இயங்கும் இட்சோசெங் என்ற உளவியல் மையத்தில், முதுநிலை உளவியல் மாணவர்கள் மேற்பார்வையின் கீழ் மக்களுக்குக் கட்டணமின்றி ஆலோசனை அளிக்கின்றனர். உளவியல் ஆலோசனை என்பது அறிவுரை கூறுவதன்று. துயருற்றவர் தம் நிலையைத் தாமே சொல்லி, தாமே தெளிந்து, அடுத்த அடியைத் தாமே தீர்மானிக்கும்படி ஒழுங்குமுறையுடன் உடனிருக்கும் தொழில். அதற்கு மொழி வேண்டும். செபெடியிலோ செட்ஸ்வானாவிலோ துயரப்படும் ஒருவர் அதை ஆங்கிலத்தில் சொல்லும்போது பாதி கழிந்துவிடுகிறது. மொழிபெயர்ப்பாளரை அமர்த்தினால் மறைவாகச் சொல்ல வேண்டியது மூன்றாமவர் காதில் விழுகிறது. உளவியலாளர் தொழில் நீண்ட காலம் ஆங்கிலமும் ஆஃப்ரிகான்ஸும் பேசுவோர் கையிலேயே இருந்ததால் நேர்ந்த இக்குறையை, ஆப்பிரிக்க மொழிகள் பேசும் மாணவர்கள் முதுநிலைப் படிப்புக்கு வந்து சேர்வதால் மட்டுமே போக்க முடியும்; கருத்தரங்குகளால் முடியாது.

தேவையின் அளவும் சிறிதன்று. 2002 முதல் 2004 வரை நாடு முழுவதும் நடத்தப்பட்ட மனநல ஆய்வு, வயது வந்தோரில் ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுக்கு உள்ளாகின்றனர் என்றும், கோளாறு உள்ளோரில் நான்கில் ஒருவரே சிகிச்சை பெறுகின்றனர் என்றும் கண்டது. ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் அடங்கிய கௌடெங் மாகாணத்தில், செலவைக் குறைக்கும் நோக்கில் மனநோயாளிகளை முறையான வசதியற்ற அமைப்புகளுக்கு மாற்றியதில் 144 பேர் இறந்த லைஃப் எசிடிமேனி அவலமும், அதன்மீது முன்னாள் துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெகெ 2018-இல் அளித்த நடுவர் தீர்ப்பும், மனநலம் என்பது எவ்வளவு விரைவில் சட்டப் பிரச்சினையாகிவிடுகிறது என்பதற்குச் சான்றுகள்.

மக்கள் மையத்தைத் தேடி வர இயலாத தொலைவுகளுக்கு மையமே செல்லும் ஏற்பாடும் இந்நாட்டில் உண்டு. அரசுப் போக்குவரத்து நிறுவனமான டிரான்ஸ்நெட் 1994-இல் தொடங்கிய ஃபெலோஃபெபா என்னும் மருத்துவ ரயில், கண், பல், மருந்து ஆகிய பிரிவுகளோடு உளவியல் ஆலோசனைக்கான இடத்தையும் கொண்டு, நாட்டுப்புற நிலையங்களில் நின்று நின்று செல்கிறது. பல்வேறு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள் சில வாரங்கள் வீதம் அதில் தங்கிப் பணியாற்றுகின்றனர். 2012-இல் இரண்டாவது ரயிலும் சேர்ந்தது. கண்ணாடி வாங்கிச் செல்பவர் அன்றே பயனடைகிறார். மனத்துயர் சொன்னவருக்கு ரயில் புறப்பட்டபின் யார் என்ற கேள்வி மட்டும் நிலையத்திலேயே நின்றுவிடுகிறது.

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து கேப் மாகாணத்துக்குச் செல்ல இரு வழிகள் உள்ளன. வேகத்தை விரும்புவோர் புளூம்ஃபொன்டைன் வழியாகச் செல்லும் என்1 சாலையையும், கிம்பர்லியைப் பார்க்க விரும்புவோர் என்12 சாலையையும் தேர்வர். இந்தக் கட்டுரையின் பொருளுக்குக் கிம்பர்லியே உகந்த வழி. வைரம் தேடி மனிதர் தோண்டிய பெரும்பள்ளமும், அதன் கரையில் 1888-இல் எழுந்த டி பியர்ஸ் நிறுவனத்தின் நினைவுகளுமே அவ்வூரின் பெருமை. ஆனால் அவ்வூர் நீதிமன்றத்தின் பெயர், ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் திராட்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்தவர்களின் சம்பளச் சீட்டோடு தொடர்புபட்டு வழக்கேடுகளில் ஏறியிருப்பதைச் சுற்றுலாக் கையேடுகள் சொல்வதில்லை.

கரூ சமவெளியைக் கடந்து, ஹியூகனாட் சுரங்கப்பாதை வழியே மலையைத் துளைத்து இறங்கினால் நிலம் சட்டென்று பச்சையாகிறது. 1679-இல் டச்சு ஆளுநர் சைமன் வான் டெர் ஸ்டெல்லின் பெயரால் நிறுவப்பட்ட ஸ்டெல்லன்போஷ், ஓக் மரங்கள் நிழல் பரப்பும் வெள்ளைச் சுவர் வீடுகளின் ஊர். நிறவெறிக் கொள்கையின் சிற்பி என்று அறியப்படும் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட் அரசியலுக்கு வருமுன் இவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் பயன்முறை உளவியல் பேராசிரியராக இருந்தவர் என்பதை நினைவில் வைத்தால், அறிவுத்துறை எதற்கும் பயன்படும் என்பது விளங்கும். ஊரைச் சுற்றிய தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியை மதுவாகவே கொடுக்கும் பழக்கம், சட்டம் தடை செய்தபின்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது. அந்தத் தோட்டத் தொழிலாளர்கள் பலர் இவ்வூர்ச் சட்ட உதவி மையத்தின் கட்சிக்காரர்கள்.

இங்கே ஒரு சம்பளச் சீட்டை நெருங்கிப் பார்க்க வேண்டும். மேல் வரியில் அடிப்படைக் கூலி. அடுத்த வரியில் வேலையில்லாக் காப்பீட்டு நிதிக்கான ஒரு விழுக்காட்டுப் பிடித்தம். அதற்கும் கீழே 'ஜப்தி உத்தரவு' என்ற தலைப்பில் ஒரு தொகை, சிலருக்கு இரண்டு, மூன்று வரிகள். கடைசி வரியில் வீட்டுக்கு எடுத்துச் செல்லும் பணம். அந்தக் கடைசி வரியில் நிற்கும் தொகை ஒரு குடும்பத்துக்கு மாதச் சாப்பாட்டுக்கே போதாது என்ற நிலையில்தான் தொழிலாளி சட்ட மையத்துக்கு வருகிறார். சிறுகடன் நிறுவனத்திடம் அவசரத்துக்கு வாங்கிய கடன் அது. தவணை தவறியதும் கடன் வசூலிக்கும் வழக்கறிஞர் அலுவலகத்திலிருந்து வந்தவர் நீட்டிய தாள்களில் கையெழுத்திட்டதை அவர் ஒப்புக்கொள்வார். தாளில் என்ன இருந்தது என்று கேட்டால் தெரியாது என்பார். மாணவர் அந்தத் தாளின் நகலை வாங்கிப் படித்துப் பார்க்கையில், தமக்கு எதிரான தீர்ப்புக்குச் சம்மதம், வேறொரு மாகாணத்து நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குச் சம்மதம், சம்பள ஜப்திக்குச் சம்மதம் என்று மூன்றும் ஒரே கையெழுத்தில் முடிந்திருப்பது தெரிகிறது.

சம்பள ஜப்தி உத்தரவு என்பது, கடனாளியின் கூலியிலிருந்து மாதந்தோறும் குறிப்பிட்ட தொகையைப் பிடித்துக் கடன்காரருக்கு அனுப்புமாறு முதலாளிக்கு இடப்படும் கட்டளை. 1944-ஆம் ஆண்டுக் கீழமை நீதிமன்றச் சட்டத்தின் 65ஜே பிரிவு அதற்கு வழி செய்திருந்தது. நடைமுறையிலோ நீதிபதி எவரும் அதைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. நீதிமன்ற எழுத்தர் முத்திரையிட்டாலே போதும். எத்தனை உத்தரவுகள் ஏற்கெனவே ஒருவர் மீது உள்ளன, பிடித்தபின் அவருக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கேட்கும் கடமை எவருக்கும் இல்லை. உத்தரவு எளிதாகக் கிடைக்கும் நீதிமன்றத்தைக் கடன் வசூலிப்போர் தேடிச் சென்றனர். ஸ்டெல்லன்போஷில் வாழ்ந்து அங்கேயே வேலை செய்தவர் மீதான உத்தரவு கிம்பர்லியில் பிறந்தது அப்படித்தான். அதை எதிர்க்க அவர் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டும். பேருந்துக் கட்டணமே அவரது கையிருப்பை விஞ்சும். 2012 ஆகஸ்டில் மரிகானா பிளாட்டினச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது காவல் துறை ஒரே நாளில் 34 பேரைச் சுட்டுக்கொன்ற நிகழ்வுக்குப்பின், தொழிலாளரின் கூலி உயர்வுக் கோரிக்கைக்குப் பின்னால் இத்தகைய ஜப்திக் கடன்களும் இருந்தன என்பது பரவலாகப் பேசப்பட்டது.

ஒரே மாதிரியான சீட்டுகளும் ஒரே அலுவலகங்களின் பெயர்களும் மீண்டும் மீண்டும் ஒரே மேசைக்கு வந்ததால்தான், இது தனித்தனி மனிதரின் ஊதாரித்தனம் அல்ல, முறையின் கோளாறு என்பதை ஸ்டெல்லன்போஷ் மையத்தால் காண முடிந்தது. தம் தோட்டப் பணியாளரின் சம்பளத்தில் நடந்த பிடித்தங்களைக் கண்டு அதிர்ந்த திராட்சைத் தோட்ட உரிமையாளர் வெண்டி ஆப்பல்பாம் துணைக்கு வந்தார். கடனாளிகள் பதினைந்து பேருடன் மையமும் மனுதாரராக நின்று தொடுத்த வழக்கில், 2015 ஜூலையில் மேற்குக் கேப் உயர் நீதிமன்ற நீதிபதி சிராஜ் தேசாய் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். 2016 செப்டம்பர் 13 அன்று அரசமைப்பு நீதிமன்றம், உத்தரவு நியாயமானது, பிடிக்கும் தொகை பொருத்தமானது என்று நீதிமன்றமே ஆராய்ந்து அனுமதித்தாலன்றிச் சம்பளத்தைப் பிடிக்கலாகாது என்று முடிவாக உரைத்தது. மறு ஆண்டு நாடாளுமன்றம் இயற்றி, 2018-இல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம், எத்தனை கடன் இருப்பினும் மொத்தப் பிடித்தம் அடிப்படைச் சம்பளத்தில் 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு கட்டியது. நாடெங்கும் உள்ள தொழிலாளருக்கு இது பொருந்தும். அவர்களில் பெரும்பாலோர் ஸ்டெல்லன்போஷ் மையத்தின் பெயரைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.

இந்த வெற்றியை மாணவரின் வெற்றி என்று பல்கலைக்கழக விளம்பர ஏடுகள் கொண்டாடுவது முழு உண்மை அல்ல. சீட்டைப் படித்து, கடனாளியின் வாக்குமூலத்தைப் பொறுமையாக எழுதியெடுக்கும் உழைப்பு மாணவருடையதாக இருக்கலாம்; ஆனால் வழக்கை ஆண்டுக்கணக்கில் சுமந்து, அரசமைப்பு நீதிமன்றம் வரை கொண்டு சென்றது தொழில்முறை வழக்கறிஞர்களே. தென்னாப்பிரிக்கக் கல்வியாண்டு பிப்ரவரியில் தொடங்கி நவம்பரில் முடிகிறது; ஜூனில் தேர்வு, டிசம்பரில் விடுமுறை. வீட்டைக் காலி செய்யும் உத்தரவோ டிசம்பரிலும் வரும். ஒவ்வோர் ஆண்டும் கோப்பு புதிய மாணவர் கைக்கு மாறும்போது, கட்சிக்காரர் தம் கதையை முதலிலிருந்து மீண்டும் சொல்ல வேண்டியிருக்கிறது; வன்முறைக்கு ஆளான பெண்ணுக்கு அது சிறு சிரமம் அல்ல. உளவியல் மையத்தில் இக்குறை இன்னும் கூர்மையானது, ஏனெனில் அங்கே மருந்து என்று கொடுக்கப்படுவதே ஒருவர் மீது ஒருவர் வைத்த நம்பிக்கைதான். பயிற்சியை முடித்து மாணவர் விடைபெறும் ஒவ்வொரு முறையும் அது முறிகிறது.

இக்குறையை உணர்ந்தே தென்னாப்பிரிக்கச் சட்டம் சில அடிகள் எடுத்து வைத்தது. 1993-இல் செய்யப்பட்ட திருத்தம், பட்டதாரிகள் தனியார் வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் பதிலாகப் பல்கலைக்கழக மையத்திலேயே பயிற்சிக் காலத்தைக் கழிக்க இடமளித்தது. இதனால் கல்வியாண்டு முடிந்தாலும் மையத்தில் ஆள் இருக்கும் நிலை ஓரளவு உண்டாயிற்று. 2014-ஆம் ஆண்டின் சட்டத் தொழில் சட்டம், சட்டப் புலத்தின் அங்கமாக மையம் நடத்தும் உரிமையை வெளிப்படையாக ஏற்று, கட்சிக்காரரிடம் கட்டணம் பெறலாகாது என்றும் விதித்தது. கட்டணம் இல்லை என்றால் வழக்கறிஞரின் சம்பளம் எங்கிருந்து வரும் என்பதற்கு மட்டும் அச்சட்டம் விடை சொல்லவில்லை. வெளிநாட்டு அறக்கட்டளைகளின் நிதியும் தொழில்முறை நிதிகளின் மானியமும் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்குகின்றன. மானியம் குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது அனுபவமிக்க மேற்பார்வையாளரின் பணியிடம். சட்டப் புலங்கள் பேராசிரியர் பணியிடங்களுக்கு ஒதுக்குவதைப் போலவே, மையத்தின் வழக்கறிஞருக்கும் உளவியல் மேற்பார்வையாளருக்கும் தங்கள் சொந்த வரவு செலவுத் திட்டத்தில் நிரந்தர ஒதுக்கீடு செய்ய வேண்டும்; அதைச் செய்யாத பல்கலைக்கழகம் தன் மையத்தைச் சமூகப் பணி என்று ஆண்டறிக்கையில் எழுதிக்கொள்வதை நிறுத்த வேண்டும்.